இரைப்பைப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு: பரிசோதனை அறிக்கையையும் கட்டிக் குறியீடுகளையும் படிக்கும் முறை

இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து ஒன்றிரண்டு வாரங்களில், வெட்டியெடுத்த உறுப்பின் பரிசோதனை அறிக்கை குடும்பத்தார் கைக்கு வருகிறது. இரண்டு மூன்று பக்கங்களில் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளும் எண்களும் நிறைந்திருக்கும். அவற்றின் நடுவே ஹெர்-2, எம்எஸ்ஐ, பிடி-எல்1 என்ற பெயர்களும், அவற்றுக்கு எதிரே பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற முடிவுகளும் இருக்கும். அன்றிரவே வீட்டில் யாராவது ஒருவர் அந்தப் பெயர்களைக் கைப்பேசியில் தேடுவார். "இந்தக் குறியீடு உள்ளவர்களுக்கு ஆயுள் குறைவு" என்ற பொருளில் ஏதோ ஓர் ஆய்வுச் சுருக்கம் கண்ணில் படும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. அந்த ஆய்வு எத்தனை பேரை வைத்து, எந்த நாட்டில், எந்தக் கட்ட நோயாளிகளிடம் செய்யப்பட்டது என்பதோ, அந்தக் குறியீட்டால் சிகிச்சையில் ஏதேனும் மாறுமா என்பதோ அந்த ஒற்றை வரியில் இருக்காது.

அப்படித் தேடுபவருக்காகவே இதை எழுதுகிறேன். எந்தக் குறியீட்டைக் கண்டாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது நோயின் போக்கைச் சொல்கிறதா, அல்லது எந்த மருந்து பலிக்கும் என்பதைச் சொல்கிறதா? இரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டால், மருத்துவரின் எதிரில் கிடைக்கும் பத்து நிமிடத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ள முடியும். சிகிச்சை முடிவை எடுக்க வேண்டியது புற்றுநோய் மருத்துவரும் நோயாளியும்தான். அந்த உரையாடலுக்கு ஆயத்தமாவதற்கே இந்தக் குறிப்புகள்.

கோப்பைச் சேர்த்து வைத்தல்

அறுவைக்குப் பிந்தைய அறிக்கை மட்டும் போதாது. அறுவைக்கு முன் எண்டோஸ்கோப்பியில் எடுத்த பயாப்ஸியின் அறிக்கை, அறுவை சிகிச்சையில் என்ன செய்யப்பட்டது என்ற குறிப்பு, முழு ஹிஸ்டோபேத்தாலஜி (வெட்டியெடுத்த திசுவின் நுண்ணோக்கிப் பரிசோதனை) அறிக்கை, புரதங்களுக்குச் சாயமேற்றிப் பார்க்கும் இம்யூனோ பரிசோதனை தனியாகச் செய்யப்பட்டிருந்தால் அதன் அறிக்கை, அறுவைக்கு முன்னரே எடுத்த ரத்தக் குறியீடுகளின் அளவு, சிடி ஸ்கேன் ஆகியவற்றைத் தேதி வாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் உள்ள இரண்டு வரிகளை முழு அறிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இவற்றோடு இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வெட்டியெடுத்த கட்டியின் சிறு துண்டுகள் ஃபார்மலினில் பதப்படுத்தப்பட்டு, பாரஃபின் மெழுகில் பதிக்கப்பட்டு, ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றை 'பிளாக்' என்பார்கள். அவற்றின் எண் அறிக்கையிலேயே இருக்கும். இன்று செய்யாத ஒரு பரிசோதனை ஈராண்டு கழித்துத் தேவைப்பட்டால், அந்த மெழுகுக் கட்டியிலிருந்து ஒரு மெல்லிய சீவலை எடுத்தே செய்துவிடலாம். வேறு மருத்துவமனையில் கருத்துக் கேட்கப் போகும்போது, கண்ணாடித் தகடுகளோடு பிளாக்கையும் கையெழுத்திட்டு வாங்கிச் செல்லுங்கள். முன்கூட்டியே சீவி வைத்த தகடுகளில் சில புரதங்களின் சாயமேற்கும் தன்மை நாளாக ஆக மங்கிவிடும் என்பதால் பிளாக்தான் நம்பகமானது. அதை வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.

குறியீடுகளுக்கு முன்னால் கட்டத்தைப் படியுங்கள்

புதுப் பெயர்களின் கவர்ச்சியில் பலரும் தாண்டிவிடும் பகுதி இது. இரைப்பைப் புற்றுநோயில் அறுவைக்குப் பிந்தைய ஆயுளை இன்றும் மிக அதிகமாகத் தீர்மானிப்பவை, கட்டி எவ்வளவு ஆழம் ஊடுருவியது, எத்தனை நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியது, முழுவதும் அகற்றப்பட்டதா என்ற மூன்று விவரங்களே. எந்தக் குறியீட்டையும் இந்த மூன்றின் மேல் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆழத்தை 'டி' என்ற எழுத்தால் குறிப்பார்கள். உட்சவ்வையும் அதற்கு அடுத்த அடுக்கையும் தாண்டாதது டி1, தசை அடுக்கை எட்டியது டி2, தசையைக் கடந்து வெளிச்சவ்வுக்குக் கீழே நிற்பது டி3, வெளிச்சவ்வைத் துளைத்தது டி4ஏ, பக்கத்து உறுப்பைத் தொட்டது டி4பி. கணுக்களை 'என்' என்ற எழுத்தால் குறிப்பார்கள். பாதிக்கப்பட்ட கணு ஏதுமில்லை என்றால் என்0, ஒன்று அல்லது இரண்டு என்றால் என்1, மூன்று முதல் ஆறு வரை என்2, ஏழு முதல் பதினைந்து வரை என்3ஏ, பதினாறும் அதற்கு மேலும் என்3பி.

இங்கே நின்று இன்னோர் எண்ணைத் தேடுங்கள்: மொத்தம் எத்தனை கணுக்கள் பரிசோதிக்கப்பட்டன? அறிக்கையில் '2/35' என்று இருந்தால், 35 கணுக்களைத் தேடிப் பார்த்ததில் இரண்டில் புற்றுநோய் இருந்தது என்று பொருள். '2/8' என்று இருந்தால், பார்த்ததே எட்டுதான். இரண்டுக்கும் என்1 என்றே பெயர். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எட்டு மட்டும் பார்க்கப்பட்டவருக்கு, பார்க்கப்படாத கணுக்களில் என்ன இருந்தது என்பது தெரியாது. அவருடைய உண்மையான கட்டம் அறிக்கை சொல்வதைவிட உயர்ந்ததாக இருக்கலாம். கட்டத்தை நம்பிக்கையோடு சொல்வதற்குக் குறைந்தது 16 கணுக்களாவது பரிசோதிக்கப்பட வேண்டும் என்றும், 30-ஐ எட்டினால் நல்லது என்றும் சர்வதேச வழிமுறைகள் கூறுகின்றன. எண்ணிக்கை குறைவாக இருந்தால், மீதமிருக்கும் கொழுப்புத் திசுவில் மேலும் கணுக்களைத் தேடிப் பார்க்க இயலுமா என்று ஆய்வக மருத்துவரிடம் கேட்பது முறையான வேண்டுகோள்தான். அதில் தயங்க ஒன்றுமில்லை.

வெட்டிய ஓரங்களில் நுண்ணோக்கியில் பார்த்தும் புற்றுச்செல் இல்லையென்றால் 'ஆர்0'. கண்ணுக்குத் தெரியாத அளவில் மிச்சம் இருந்தால் 'ஆர்1'. வயிற்றறையைக் கழுவி எடுத்த நீரில் புற்றுச்செல்கள் இருந்தால், வேறெங்கும் பரவல் தெரியாவிட்டாலும் அது நான்காம் கட்டமாகவே கணக்கிடப்படும். அறுவைக்கு முன்பே கீமோதெரபி கொடுக்கப்பட்டிருந்தால் கட்டத்துக்கு முன்னால் 'ஒய்பி' என்ற எழுத்துகள் நிற்கும். அவர்களுக்கான ஆயுள் அட்டவணை வேறு. சிகிச்சையே பெறாமல் அறுவைக்குச் சென்றவர்களின் அட்டவணையோடு அதைக் குழப்பிக்கொள்வது அடிக்கடி நிகழும் பிழை.

ஃபின்லாந்து மருத்துவர் லாரென் 1965-இல் வகுத்த பிரிவினையும் அறிக்கையில் இருக்கும். சுரப்பி வடிவில் வளரும் 'இன்டஸ்டைனல்' வகை ஒன்று. செல்கள் தனித்தனியாகச் சிதறி ஊடுருவும் 'டிஃப்யூஸ்' வகை மற்றொன்று. இரண்டாவது வகை வயிற்றறைச் சவ்வுக்குப் பரவும் இயல்பு அதிகமுடையது என்பதோடு, குடும்பத்தில் யாரைப் பரிசோதிக்க வேண்டும் என்ற கேள்வியையும் எழுப்புகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

கட்டத்துக்கான ஆயுள் எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கட்ட வகைப்பாட்டின் எட்டாம் பதிப்புக்கு அடிப்படையான 25,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவில், ஐந்தாண்டு உயிர்வாழ்வு முதல் கட்டத்தின் தொடக்கப் பிரிவில் சுமார் 94 விழுக்காடு. மூன்றாம் கட்டத்தின் இறுதிப் பிரிவில் சுமார் 18 விழுக்காடு. ஆனால் அந்தத் தரவின் பெரும்பகுதி ஜப்பானிலிருந்தும் தென்கொரியாவிலிருந்தும் வந்தது. தென்கொரியாவில் 40 வயதைக் கடந்தவர்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை அரசுத் திட்டத்திலேயே பரிசோதனை நடக்கிறது. அங்குள்ள அறுவை மருத்துவர்களுக்கும் இந்த நோயில் மிகுந்த கைப்பழக்கம் உண்டு. அப்படிப்பட்ட நாடு தழுவிய பரிசோதனை இந்தியாவில் இல்லை. ஆகவே அந்த எண்களை உங்கள் நோயாளியின் தலையெழுத்தாகக் கொள்ளாமல், கட்டங்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் காட்டும் அளவுகோலாக மட்டும் கொள்ளுங்கள்.

போக்கைச் சொல்வது, பலனைச் சொல்வது

ஒரு குறியீடு, எந்தச் சிகிச்சை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நோய் எப்படிச் செல்லும் என்று காட்டினால், அது போக்கைச் சொல்லும் குறியீடு. ஒரு குறிப்பிட்ட மருந்து இவருக்குப் பலிக்கும், அவருக்குப் பலிக்காது என்று காட்டினால், அது பலனைச் சொல்லும் குறியீடு. கணுக்களின் எண்ணிக்கை முதல் வகைக்கு எடுத்துக்காட்டு. ஹெர்-2 (சில கட்டிச் செல்களின் மேற்பரப்பில் மிகுந்து காணப்படும் ஒரு புரதம்) இரண்டாம் வகை: அது பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுஸுமாப் என்ற மருந்துக்கு ஒரு கதவு திறக்கிறது, ஆனால் அந்த மருந்தைக் கொடுக்காத நிலையில் ஹெர்-2 மட்டுமே ஆயுளைக் குறைக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை.

இணையத்தில் "ஆயுள் குறைவு" என்று படிக்கும் பெரும்பாலான குறியீடுகள் முதல் வகையைச் சேர்ந்தவை. அவற்றிலும் பல, கட்டத்தைக் கணக்கில் எடுத்தபின் வலுவிழந்து போகிறவை. அவற்றை அறிந்தும் சிகிச்சையில் மாறுவது ஏதுமில்லை என்றால், அந்த அறிவால் நோயாளிக்குக் கிடைப்பது கவலை மட்டுமே. பரிசோதனைக்குப் பணம் கட்டுவதற்கு முன், "இதன் முடிவு எப்படி வந்தாலும் நீங்கள் கொடுக்கப்போகும் சிகிச்சை ஒன்றுதானா?" என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேட்டுவிடலாம். ஆம் என்பது பதிலானால், அந்தப் பரிசோதனையை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம்.

எம்எஸ்ஐ: தவறவிடக் கூடாத பரிசோதனை

அறுவை செய்துகொண்ட இரைப்பைப் புற்றுநோயாளி ஒருவருக்கு ஒரே ஒரு மூலக்கூறுப் பரிசோதனைதான் செய்ய முடியும் என்ற நிலை வந்தால், நான் இதைத்தான் கேட்கச் சொல்வேன். செல் பிரியும்போது மரபணு எழுத்துகளைப் படியெடுப்பதில் நேரும் பிழைகளைத் திருத்துவதற்கு நம் உடலில் ஒரு பொறியமைப்பு இருக்கிறது. எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 என்ற நான்கு புரதங்கள் அதன் முக்கிய உறுப்புகள். இவற்றில் ஒன்று கட்டியில் காணாமல் போனால் பிழைகள் திருத்தப்படாமல் குவிகின்றன. அந்த நிலையைத்தான் 'எம்எஸ்ஐ-ஹை' என்றும், 'மிஸ்மேட்ச் ரிப்பேர் குறைபாடு' என்றும் எழுதுகிறார்கள். நான்கு புரதங்களுக்கும் சாயமேற்றிப் பார்க்கும் இம்யூனோ பரிசோதனை எளியது. ஓரளவு பெரிய ஆய்வகங்கள் எல்லாவற்றிலும் செய்யப்படுகிறது.

அறிக்கையைப் படிக்கும்போது ஒரு குழப்பம் வரும். இங்கே புரதம் 'இருக்கிறது' என்பதே இயல்பான நிலை. 'இழப்பு' என்று இருந்தால்தான் எம்எஸ்ஐ-ஹை. மற்றக் குறியீடுகளில் சாயம் ஏறினால் பாசிட்டிவ் என்று பழகியவர்கள், நான்கும் பாசிட்டிவ் என்பதைப் பார்த்துவிட்டு எம்எஸ்ஐ பாசிட்டிவ் என்று தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

இது முக்கியமாவதற்குக் காரணம், இரண்டு வகையிலும் இது பேசுகிறது என்பதே. 2019-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மேஜிக், கிளாசிக், ஆர்டிஸ்ட், இட்டாக்கா-எஸ் என்ற நான்கு பெரிய சோதனைகளில் பங்கேற்ற 1,556 நோயாளிகளின் தனித்தனித் தரவுகளை ஒன்றுசேர்த்தது. அவர்களில் 121 பேர், அதாவது ஏறத்தாழ 8 விழுக்காட்டினர், எம்எஸ்ஐ-ஹை. அவர்களின் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 77.5 விழுக்காடு, மற்றவர்களுக்கு 59.3 விழுக்காடு. போக்கைச் சொல்லும் குறியீடு என்ற வகையில் இது நல்ல செய்தி. அதற்கு அடுத்த கண்டுபிடிப்புதான் யோசிக்க வைப்பது: எம்எஸ்ஐ-ஹை நோயாளிகளில், அறுவை மட்டும் செய்துகொண்டவர்களோடு ஒப்பிடும்போது, அறுவையோடு கீமோதெரபியும் பெற்றவர்கள் கூடுதல் பலன் எதையும் பெற்றதாகத் தெரியவில்லை. மற்ற நோயாளிகளுக்கோ கீமோதெரபி தெளிவாக உதவியது.

இதைப் படித்துவிட்டு, "எங்கள் அப்பாவுக்கு எம்எஸ்ஐ-ஹை, ஆகவே கீமோ வேண்டாம்" என்று வீட்டிலேயே முடிவெடுத்துவிடக் கூடாது. 121 என்பது சிறிய எண். அந்தச் சோதனைகளில் பயன்பட்ட மருந்துக் கலவைகள் பழையவை. 2019-இல் முடிவுகள் வெளியான ஃப்ளாட்-4 சோதனைக்குப் பிறகு, அறுவைக்கு முன்னும் பின்னும் நான்கு நான்கு சுற்றுகளாகக் கொடுக்கப்படும் நான்கு மருந்துக் கலவை பல நாடுகளில் முதன்மையாகியிருக்கிறது. அந்தச் சோதனையில் உயிர்வாழ்வின் இடைநிலைக் காலம் (பாதிப்பேர் அதற்கு மேல் வாழ்ந்த காலம்), பழைய கலவை பெற்றவர்களுக்கு 35 மாதங்களாகவும், புதிய கலவை பெற்றவர்களுக்கு 50 மாதங்களாகவும் இருந்தது. அதில் உள்ள டோசிடாக்ஸெல் பழைய சோதனைகளின் கலவைகள் பெரும்பாலானவற்றில் இல்லாதது. ஆகவே பழைய முடிவை அப்படியே இதன்மேல் பொருத்த முடியாது. இன்னொரு பக்கம், எம்எஸ்ஐ-ஹை கட்டிகள் நோயெதிர்ப்பு மருந்துகளுக்கு நன்றாக இணங்குகின்றன. பிரான்சில் 32 நோயாளிகளுக்கு அறுவைக்கு முன் கீமோதெரபி இன்றி இரண்டு நோயெதிர்ப்பு மருந்துகள் மட்டும் கொடுத்துப் பார்த்ததில், அறுவைக்குச் சென்ற 29 பேரில் 17 பேருக்கு வெட்டியெடுத்த உறுப்பில் புற்றுச்செல்லே மிஞ்சவில்லை. ஆகவே இந்த முடிவை அறுவை முடிந்த பிறகல்ல, இயன்றால் அறுவைக்கு முன்னரே, எண்டோஸ்கோப்பி பயாப்ஸியிலேயே கேட்டுப் பெறுவதுதான் அறிவுடைமை. இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களுக்கு அறுவை இன்னும் நடக்கவில்லை என்றால், நாளையே கேளுங்கள்.

ஹெர்-2

இரைப்பைப் புற்றுநோயாளிகளில் ஐந்து முதல் ஏழு பேரில் ஒருவருக்கு இது பாசிட்டிவாக இருக்கும். முடிவு 0, 1+, 2+, 3+ என்று வரும். முதலிரண்டும் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்பது இரண்டுங்கெட்டான் நிலை. 'ஃபிஷ்' போன்ற மரபணுப் பரிசோதனை செய்த பிறகே முடிவு சொல்ல முடியும். 2+ என்று எழுதி அதோடு நிறுத்தப்பட்ட அறிக்கை அரைகுறை அறிக்கை என்பதை மறக்காதீர்கள்.

மார்பகப் புற்றுநோய்க்கான ஹெர்-2 அளவீட்டு முறை வேறு, இரைப்பைக்கானது வேறு. இரைப்பைச் செல்களில் சாயம் செல்லின் சுற்றுமுழுவதும் ஏறாமல் பக்கங்களிலும் அடியிலும் மட்டும் ஏறுவதுண்டு. அதையும் இங்கே பாசிட்டிவாகக் கொள்ள வேண்டும். மேலும் ஒரே கட்டியில் ஒரு பகுதி பாசிட்டிவாகவும் மறுபகுதி நெகட்டிவாகவும் இருப்பது இரைப்பையில் சாதாரணம். எண்டோஸ்கோப்பியில் எடுத்த ஒரு சிறு துணுக்கில் நெகட்டிவ் என்று வந்திருந்தால், வெட்டியெடுத்த முழுக் கட்டியில் மறுபடியும் பார்க்கச் சொல்வதற்குப் போதிய காரணம் இருக்கிறது.

இதன் பயன் எங்கே நிறுவப்பட்டிருக்கிறது என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 2010-இல் வெளியான டோகா சோதனை, அறுவைக்கு இடமில்லாத, பரவிய நோயாளிகளிடம் நடந்தது. அங்கே கீமோதெரபியோடு டிராஸ்டுஸுமாப் சேர்த்தபோது உயிர்வாழ்வின் இடைநிலைக் காலம் 11.1 மாதத்திலிருந்து 13.8 மாதமாக உயர்ந்தது. முழுமையாக அறுவை செய்யப்பட்டவருக்கு நோய் திரும்பாமல் தடுக்க அதே மருந்தைக் கொடுப்பது நிலையான சிகிச்சையாக இன்னும் ஏற்கப்படவில்லை. ஆகவே அறுவை முடிந்து ஆர்0 பெற்றவரின் அறிக்கையில் ஹெர்-2 பாசிட்டிவ் என்றிருந்தால், அது பெரும்பாலும் பத்திரப்படுத்தி வைக்க வேண்டிய தகவல். உடனே விலையுயர்ந்த ஊசிக்குக் கடன் வாங்க வேண்டிய தகவலல்ல.

மற்றவை, சுருக்கமாக

பிடி-எல்1 (நோயெதிர்ப்புச் செல்களின் தாக்குதலைத் தடுக்கும் ஒரு புரதம்) எவ்வளவு இருக்கிறது என்ற முடிவு 'சிபிஎஸ்' என்ற எண்ணாக வரும். 1, 5, 10 என்ற எல்லைகள் பரவிய நோயில் நோயெதிர்ப்பு மருந்தின் பயனைக் கணிக்கப் பயன்படுகின்றன. அறுவைக்கு முன்னும் பின்னும் ஃப்ளாட் கலவையோடு டுர்வாலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்த்த மேட்டர்ஹார்ன் சோதனை 2025-இல் வெளியானது. நோய் திரும்புதல் போன்ற நிகழ்வுகள் இன்றி ஈராண்டைக் கடந்தவர்கள் 58.5 விழுக்காட்டிலிருந்து 67.4 விழுக்காடாக உயர்ந்தனர். கிளாடின் 18.2 என்ற புரதத்தைக் குறிவைக்கும் ஜோல்பெடுக்ஸிமாப் 2024-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது; அதுவும் பரவிய நோய்க்கானது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் உள்ள கட்டிகள், 2014-இல் 295 கட்டிகளை ஆராய்ந்த அமெரிக்கப் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டத்தில் 9 விழுக்காடாக இருந்தன. இவற்றின் போக்கு பொதுவாகச் சற்று நல்லது.

ரத்தத்தில் பார்க்கும் குறியீடுகள்

சிஇஏ, சிஏ 19-9 ஆகிய இரண்டைத்தான் நம் மருத்துவமனைகளில் அதிகம் எழுதிக்கொடுக்கிறார்கள். சில இடங்களில் சிஏ 72-4. சிஇஏ-வுக்கு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம், சிஏ 19-9-க்கு 37 அலகு என்பவை வழக்கமான எல்லைகள். அறுவைக்கு முன் இவை உயர்ந்திருந்தால், அறுவைக்குப் பின் இயல்புக்கு இறங்குகின்றனவா, பிறகு மீண்டும் ஏறுகின்றனவா என்று பார்ப்பதில் பொருள் உண்டு. தொடக்கத்திலேயே இயல்பாக இருந்தவருக்கு, பின்னாளில் இயல்பாக இருப்பதால் மட்டும் நோய் இல்லையென்று சொல்லிவிட முடியாது. இரைப்பைப் புற்றுநோயாளிகளில் பாதிக்கும் குறைவானவர்களிடமே இவை உயர்கின்றன.

பரிசோதனையை எப்போதும் ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் செய்யுங்கள்; இரண்டு நிறுவனங்களின் கருவிகள் தரும் எண்களை ஒப்பிடுவது பயனற்றது. அறுவை முடிந்த சில நாட்களில் எடுக்காமல் சில வாரங்கள் பொறுத்து எடுங்கள். புகைப்பழக்கம் சிஇஏ-வை உயர்த்தும்; பித்தக்குழாய் அடைப்பும் மஞ்சள் காமாலையும் சிஏ 19-9-ஐப் பன்மடங்கு உயர்த்தும்; கீமோதெரபி நடக்கும்போது கல்லீரல் பாதிப்பால் தற்காலிக ஏற்றம் வரலாம். 'லூயிஸ்' என்ற ரத்தவகைப் பண்பு இல்லாத சிலரது உடல் சிஏ 19-9-ஐ உற்பத்தியே செய்யாது. அவர்களுக்கு அந்தப் பரிசோதனையால் எதுவும் தெரியாது. முடி உதிர்வதற்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை ஆய்வகத்தில் சொல்லிவிட வேண்டும். சில கருவிகளின் அளவீட்டை அது குலைக்கும்.

ஒரே ஒரு முறை எண் சற்று ஏறியதும் பெட் ஸ்கேனுக்கு ஓட வேண்டியதில்லை. சில வாரம் கழித்து மறுபடி எடுங்கள். தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால்தான் அது செய்தி.

ஆயுள் எண்களைப் படிக்கும் விதம்

உயிர்வாழ்வை வரையும் படிக்கட்டு போன்ற கோட்டைக் கப்லான்-மெயர் வரைகோடு என்பார்கள். 1958 முதல் இந்த முறை வழக்கத்தில் உள்ளது. கோட்டின் வலது கோடியில் அது தட்டையாகப் போவதைப் பார்த்து மகிழ்வதற்கோ, திடீரென்று செங்குத்தாக விழுவதைப் பார்த்து அஞ்சுவதற்கோ முன், கீழே உள்ள எண் வரிசையைப் பாருங்கள். அந்த மாதம்வரை கண்காணிப்பில் எத்தனை பேர் மிஞ்சியிருந்தார்கள் என்பதை அது காட்டும். ஐந்தே பேர் மிஞ்சிய இடத்தில் ஒருவர் இறந்தாலும் கோடு பெரிதாக விழும்.

இடைநிலைக் காலம் 35 மாதம் என்றால், 35 மாதத்தில் எல்லோரும் இறந்துவிடுவார்கள் என்பதல்ல பொருள்; பாதிப்பேர் அதற்கு மேல் வாழ்ந்தார்கள் என்பதே. அவர்களில் சிலர் பல ஆண்டுகள் வாழ்ந்திருப்பார்கள். 'ஹசார்ட் ரேஷியோ' 0.74 என்றால் 74 விழுக்காட்டினர் பிழைத்தார்கள் என்பதும் பொருளல்ல. கண்காணிப்புக் காலத்தில் ஒவ்வொரு கணத்திலும் இறப்பின் இடர் ஏறத்தாழ கால்பங்கு குறைவாக இருந்தது என்பதே பொருள். இடர் கால்பங்கு குறைந்தாலும் இடைநிலைக் காலம் மூன்று மாதத்துக்கும் குறைவாகவே கூடலாம். மேலே சொன்ன டோகா சோதனையில் நடந்தது அதுவே.

புதிய குறியீடு ஒன்றைப் பற்றிய கட்டுரை கண்ணில் பட்டால், அதில் கட்டம், வயது, ஆர்0 ஆகியவற்றைக் கணக்கில் எடுத்தபின்னும் அந்தக் குறியீட்டின் தாக்கம் நிற்கிறதா என்று பாருங்கள். உயர்ந்தது, தாழ்ந்தது என்று பிரித்த எல்லை எண் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டதா, அல்லது தரவைப் பார்த்தபின் வசதியான இடத்தில் கோடு போட்டுக்கொண்டார்களா என்பதையும், வேறொரு மருத்துவமனையின் நோயாளிகளிடம் அது மறுபடி நிரூபிக்கப்பட்டதா என்பதையும் கேளுங்கள். இத்தகைய ஆய்வுகளை எழுதுவோர் எவற்றையெல்லாம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2005-இலேயே 'ரீமார்க்' என்ற வழிகாட்டு நெறிகள் வகுக்கப்பட்டன. சாதாரண ரத்தப் பரிசோதனையிலிருந்தே கணக்கிடும் நியூட்ரோஃபில்-லிம்ஃபோசைட் விகிதம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது உயர்ந்திருந்தால் ஆயுள் குறைவு என்று பல ஆய்வுகள் கூறுகின்றன; ஆனால் உயர்ந்தது எது என்பதற்கு ஒவ்வோர் ஆய்வும் ஒவ்வோர் எல்லையை வைக்கிறது; சளி, காய்ச்சல், ஸ்டீராய்டு மாத்திரை எல்லாமே அதை ஏற்றும்; அதைப் பார்த்துச் சிகிச்சை எதுவும் மாறுவதில்லை.

காலம் செல்லச் செல்ல எண்ணும் மாறும் என்பதையும் கவனியுங்கள். இந்த நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில். அறுவை நாளன்று சொல்லப்பட்ட ஐந்தாண்டுக் கணிப்பு, நோய் திரும்பாமல் மூன்றாண்டைக் கடந்தவருக்குப் பொருந்தாது. அவருடைய வாய்ப்பு அதைவிட நல்லது.

இந்த எண்களை நோயாளியிடம் சொல்வதற்கு முன், அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே கேளுங்கள். பிள்ளைகள் மட்டும் மருத்துவரைத் தனியே சந்தித்துவிட்டு வந்து, "ஒன்றுமில்லையாம், சத்துக் குறைவுதானாம்" என்று சொல்லும் பழக்கம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. அன்பினால்தான் அப்படிச் செய்கிறோம். ஆனால் ஆறு மாதம் கீமோதெரபியைத் தாங்க வேண்டியவர் அவர். எதற்காகத் தாங்குகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எண் வேண்டாம் என்று அவரே சொன்னால், அதையும் மதிக்க வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது

கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை கணுக்கள் பரிசோதிக்கப்பட்டன, அது போதுமா. நான்கு மிஸ்மேட்ச் ரிப்பேர் புரதங்களும் பார்க்கப்பட்டனவா. ஹெர்-2 முடிவு 2+ என்றால் அடுத்த பரிசோதனை எப்போது. அறுவைக்குப் பிந்தைய கீமோதெரபி எத்தனை வாரத்துக்குள் தொடங்க வேண்டும், அதற்கு உடல்நிலை தேறியிருக்கிறதா. ரத்தக் குறியீடுகளை எத்தனை மாதத்துக்கொருமுறை பார்ப்பது, ஏறினால் என்ன செய்வீர்கள் என்பவற்றைத் தவறாமல் கேளுங்கள். எடை குறைந்துகொண்டே போனால் அதையும் சொல்லுங்கள். முழு இரைப்பையும் எடுக்கப்பட்டவருக்கு பி12 ஊசி யார், எப்போது போடுவது என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

குடும்பத்தைப் பற்றிய கேள்வியும் அதே தாளில் இருக்கட்டும். டிஃப்யூஸ் வகை நோய் 50 வயதுக்கு முன்பே வந்திருந்தாலோ, நெருங்கிய உறவில் இரண்டாமவருக்கும் இரைப்பைப் புற்றுநோய் இருந்தாலோ, சிடிஎச்1 என்ற மரபணுவைப் பற்றிக் கேளுங்கள்; நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்றில் தலைமுறை தலைமுறையாக வந்த இந்நோய்க்கு அந்த மரபணுவில் நேர்ந்த மாற்றமே காரணம் என்று 1998-இல் கண்டறியப்பட்டது. எம்எஸ்ஐ-ஹை என்று வந்திருந்தால், குறிப்பாக எம்எஸ்எச்2 அல்லது எம்எஸ்எச்6 இழப்பு இருந்தால், அது லிஞ்ச் எனப்படும் பரம்பரை நிலையாக இருக்கலாம். அப்படியானால் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் குடல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியிருக்கும். எம்எல்எச்1 இழப்பு மட்டும் என்றால், பெரும்பாலும் அது பரம்பரையாக வந்ததல்ல. வயது முதிர்ந்தவர்களின் கட்டியில் தானாகவே நேர்வது.

நோய் திரும்பினால், பழைய அறிக்கையில் உள்ள முடிவுகளை மட்டும் வைத்து மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்; இயன்றால் புதிய இடத்திலிருந்து மீண்டும் பயாப்ஸி எடுத்து ஹெர்-2, பிடி-எல்1, கிளாடின் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இடைக்காலச் சிகிச்சையில் குறியீடு மாறிவிடுவதுண்டு. குறிப்பாக டிராஸ்டுஸுமாப் பெற்றவர்களில் ஒரு பகுதியினருக்கு ஹெர்-2 மறைந்துபோகிறது. புதிய திசு எடுக்க முடியாத இடத்தில் நோய் இருந்தால், அறுவை நாளில் பதித்த அந்தப் பழைய மெழுகு பிளாக்தான் மிஞ்சும். அதன் எண்ணையும், அது எந்த ஆய்வகத்தில் இருக்கிறது என்பதையும், கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.